நீலப் பீப்பாவுக்கு ஒரு பூட்டு

“பார், அம்மாவின்ரை கறித்தூள் பாதிக்கு மேலை முடிஞ்சுபோச்சு! நான் சொன்னனான்தானே, ஆரோ திறக்கிறாங்கள் எண்டு.”

தூள் போட்டுவைத்திருந்த தயிர் வாளியைச் சரித்துக் காட்டினான் நிருஜன். தங்கை கவிசா எட்டிப் பார்த்தாள்.

ஜெர்மனியின் ஐஃபெல் காட்டுக்குள், விழுந்து கிடந்த மரமொன்றின் கீழே, இலைதழையால் மூடி ஒளித்துவைத்த நீலப் பிளாஸ்டிக் பீப்பா. கூடாரம், படுக்கைப் பை, காஸ் அடுப்பு, அரிசி, மீன் டின் எல்லாம் அதற்குள்தான். ஒவ்வொரு முறையும் ஆஹென் நகரிலிருந்து சுமந்துவர ஏலாதென்று, இரண்டு வருசத்துக்கு முன் நிருஜனும் அவன் கூட்டாளி சுலக்ஷனும் உருட்டிக்கொண்டு வந்து வைத்தது.

“அண்ணா, இஞ்சை கூடாரம் அடிக்கிறதே தடை. பீப்பாவை ஒளிச்சு வைக்கிறது அதைவிடத் தடை. இதுக்குள்ளை நீ கள்ளன் பிடிக்க வந்திருக்கிறாய்!”

“விசர்க்கதை கதையாதை. அது வேறை, இது வேறை. மற்றவனின்ரை சாமானிலை கை வைக்கிறதுதான் களவு.”

“ஆராயிருக்கும்?”

நிருஜன் மேட்டைக் காட்டினான். அங்கே நாலு மரக்கால்களில் நின்றது, வேட்டைக்காரர் காத்திருக்கும் பரண். கூரையும் இருந்தது.

“அதிலை வாற வேட்டைக்காரனாயிருக்கும். இல்லாட்டி, வீடுவாசல் இல்லாமல் திரியிற ஆரோ ஒரு குடிகாரன்.”

“வேட்டைக்காரன் அம்மாவின்ரை தூளைப் போட்டுச் சமைச்சவனோ? அவன் தும்மின தும்மலுக்கு மான் எல்லாம் பெல்ஜியத்துக்கு ஓடியிருக்கும்.”

நிருஜனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கவிசா சாமான்களை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்தாள். சட்டி கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடுப்பில் ஒரு கறை இல்லை. படுக்கைப் பை இறுக்கிச் சுருட்டிக் கட்டியிருந்தது.

“களவெடுக்கிறவன் சட்டி கழுவி வைப்பானோ? நீயே கழுவமாட்டாய்.”

அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு பல்துலக்கி, சவர அலகு. பிறகு, அயர்ன் பண்ணி, கழுத்துப்பட்டிக்குள் மட்டை வைத்து மடித்த ஒரு வெள்ளைச் சேட்டு.

“காட்டுக்குள்ளை இப்பிடிச் சேட்டோடை ஆர் வருவினம், அண்ணா?”

“எனக்கென்ன தெரியும்? எல்லாத்தையும் உள்ளுக்கை போடு. இருட்ட முதல் பஸ் பிடிக்கவேணும்.”

கவிசா சேட்டைக் கசங்காமல் மேலே வைத்தாள்.

“சுலக்ஷன் அண்ணாவிட்டைக் கேட்டனியோ? பாதிச் சாமான் அவரின்ரையெல்லே?”

“அவன் இப்ப எசனிலை, அத்தை வீட்டிலை. ஆவணியிலை அவன்ரை அறை ஒப்பந்தம் முடிஞ்சுது. ரெண்டு கிழமைக்கு என்ரை அறையிலை நிக்கட்டோ எண்டு கேட்டவன். வீட்டுக்காரன் விடான் எண்டு சொல்லிப்போட்டன்.”

“வீட்டுக்காரன் விடமாட்டன் எண்டவரோ?”

“நான் கேக்கேல்லை. சின்ன அறையடி. ரெண்டு பேர் எப்பிடி…”

கவிசா எழுந்து பீப்பாவை விட்டு விலகி நின்றாள்.

நிருஜன் பீப்பாவின் மூடியை அழுத்தி, இரும்பு வளையத்தை இறுக்கி, கொண்டுவந்த புதுப் பூட்டைக் கொளுவினான். நாலு இலக்கத்தையும் சுழற்றிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

“இனிச் சித்திரைக்குத்தான் திறக்கிறது. இண்டைக்கு இரவு மைனஸ் நாலாம். வரட்டும் துரை, வந்து பூட்டைப் பாத்திட்டுப் போகட்டும்.”

காட்டுக்குள் சிக்னல் இல்லை. பஸ் ஏறி இரண்டு தரிப்பிடம் தாண்டிய பிறகுதான் போன் உயிர்த்தது. நிருஜன் உடனே சுலக்ஷனுக்கு எடுத்தான். கவிசாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

“மச்சான், எங்கை நிக்கிறாய்?”

“ஆஹெனிலைதான்டா. யூனிவர்சிற்றி நூலகத்திலை.”

“எசனிலையிருந்து சனிக்கிழமையும் படிக்க வாறியோ! நீ உருப்பட்டிடுவாய். சரி, இதைக் கேள். எங்கடை பீப்பாவை ஆரோ பாவிக்கிறாங்கள். தூள், அரிசி, மீன் டின் எல்லாம் குறைஞ்சு கிடந்துது. நான் விடுவனோ? நல்ல பூட்டொண்டு வாங்கிப் போட்டிட்டு வாறன். இனி ஒருத்தரும் அசைக்க ஏலாது.”

நிருஜன் போனை வாய்க்கு இன்னும் கிட்டப் பிடித்தான்.

“மச்சான்? கேக்குதோ?”

“ஓம்… கேக்குது. பூட்டினது நல்லதுதான்.” பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டான் சுலக்ஷன்: “அந்த வெள்ளைச் சேட்டு கசங்காமலோ கிடக்கு? திங்கக்கிழமை ஒரு வேலைக்கு நேர்முக டெர்மின் இருக்கு. அதுதான்.”

சேட்டைப் பற்றி நிருஜன் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

“டேய்…” நிருஜன் இருக்கையிலிருந்து எழுந்தான். “நீ இண்டைக்கு அங்கை போகாதை. சேட்டை நாங்கள் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வாறம். நீ நேரை என்ரை அறைக்கு வா. எத்தினை நாளெண்டாலும் நில்.”

சுலக்ஷன் யோசித்தான். பிறகு கேட்டான். அந்தக் குரலில் குத்தல் ஏதும் இல்லை; கூட்டாளியைப் பற்றிய கவலை மட்டும்தான் இருந்தது.

“உன்ரை வீட்டுக்காரனாலை உனக்கு ஒரு பிரச்சினையும் வராதோ, மச்சான்?”