தலைவர் மகன் வாசித்த ஜாஸ்

வெள்ளைக்காரனுக்குத் தலைவணங்காத ஒரே தமிழர் என்று ஆம்பூரே கொண்டாடிய தலைவர் ஆரோக்கியசாமியின் மகன் இருதயராஜ், ராணிப்பேட்டை கிளப்பில் வெள்ளைக்காரர்கள் ஆடுவதற்கு ஜாஸ் பியானோ வாசித்துப் பிழைத்தான்.

நடனத்தின் நடுவே இன்ஸ்பெக்டர் வந்து அவன் காதருகே குனிந்தார்.

“இன்னாடா, உங்கப்பன் எங்க? வாரண்ட் இருக்குது. சொல்லலன்னா உன் வேல போய்டும்.”

“போவட்டும் சார்!” விரல்களை நிறுத்தாமலே சொன்னான் இருதயராஜ். “எங்கப்பா வெள்ளக்காரன் வாசப்படிய மிதிப்பாரா? ஊருக்குள்ள போய்த் தேடுங்க.”

“அப்பனுக்கு மேல திமிரு ஜாஸ்தி உனக்கு!” என்று உறுமிவிட்டு இன்ஸ்பெக்டர் வெளியேறினார்.

இருதயராஜ் வேகத்தைக் கூட்டி வாசித்தபடி ஓரக்கண்ணால் பார்த்தான். மீசையை மழித்து, பட்லர் தலைப்பாகை கட்டிய தலைவர், துரைமார்களுக்குக் குனிந்து குனிந்து சோடா ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த வேலை அவருக்கு நன்றாகவே வந்தது.