பெண்கள் வார்டு

வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிய நாளிலிருந்து மரக்கடைக்காரர் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். பெண்ணை நிறுத்தினால் யாரும் ஓட்டுப் போட வரமாட்டார்கள், வாக்குச்சாவடியில் அதிகாரிகள் ஈ ஓட்டத்தான் வேண்டும் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தேர்தலன்று காலையில் அவர் வீட்டு வாசலிலேயே மனைவியும் அம்மாவும் மகளும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நர்சம்மாவுக்கு ஓட்டுப் போட," என்றாள் மனைவி.

"என் வீட்டுலேருந்தே போனா நான் கடைத்தெருவுல எப்படித் தலைகாட்டுறது? போன தடவை கெஞ்சிக் கூப்பிட்டும் ஒருத்தர்கூட அசையலையே."

"அப்ப நின்னவர்கிட்ட சாக்கடை அடைச்சிருக்குன்னு சொன்னோம். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, உள்ள போங்கன்னுட்டார். நர்சம்மா உக்காந்து கேட்டாங்க."

"ஏம்மா, உனக்கு மூட்டு வலியாச்சே. நீயாவது இரேன்."

"வலி போன தேர்தலுக்குத்தான்டா," என்றபடி அம்மா படியிறங்கினாள்.

மூவரும் தெருமுனை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். போன தேர்தலில் இதே வார்டில் போட்டியிட்ட அவர், இரண்டே ஓட்டில்தான் தோற்றிருந்தார்.