வெள்ளையாக ஒரு இடம்

பக்கம் வடிவமைப்பவன் நாளிதழின் முதல் பக்கத்தில் மெத்தை விளம்பரத்தைப் போட்டுவிட்டான். போலீஸ் காவலில் இறந்தவரைப் பற்றிய செய்தியைத் தணிக்கை அதிகாரி வெட்டிவிட்டதால், அந்த இடம் வெள்ளையாகவே வரட்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். காலி இடத்தைக் கண்டால் இவன் கை சும்மா இருக்காது. "ஊரே தூங்கணும்னுதான் அவங்க ஆசைப்படுறாங்க. நீ மெத்தையும் விரிச்சுக் குடுக்கிறியாடா?" என்கிறார் ஆசிரியை. அசட்டுச் சிரிப்போடு விளம்பரத்தை நீக்குகிறான். கணினித் திரையின் வெள்ளை ஒளி இருவர் முகத்திலும் விழுகிறது. கீழே வாசலில் போலீஸ் ஜீப் ஒன்று உறுமிக்கொண்டே நிற்கிறது. அச்சுக்கு அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்தபடி அவன் திரும்பிப் பார்க்கிறான். "அக்கா, எழுதாம விட்டதுக்குமா பிடிச்சுட்டுப் போவாங்க?" அவர் மேசையிலிருந்த மாத்திரை டப்பாவைக் கைப்பைக்குள் வைத்து மூடுகிறார். "போவாங்க. உன்னை இல்ல, என்னைத்தான். அனுப்பு."