ஒன்பதாவது ஒர்க்‌ஷாப்

"எட்டு ஒர்க்‌ஷாப்புல காட்டியாச்சு தம்பி. இந்த வெளக்குக்க காரியம் ஒருத்தருக்கும் பிடிபடல்ல."

கேரளப் பக்கத்து வெள்ளறடை சாலையில், சிவதாணுவின் ஒர்க்‌ஷாப் முன்னால் பழைய வெள்ளைக் காரை நிறுத்திவிட்டு இறங்கினாள் புஷ்பபாய். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பல நாள் உறங்காத கண்கள். வண்டி ஓட்டிப் பழகி அதிக நாளாகியிருக்காது என்பது, மழைச் சகதியில் அவள் வண்டியைக் கோணலாக நிறுத்தியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

சிவதாணுவுக்கு வேலை சுத்தம். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஆட்டோவுக்கு பிரேக் பார்க்க வந்த பிஜு வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கேட்க ஆள் இருந்தால் அந்த வாய் இன்னும் நீளும்.

"எட்டு பேரும் என்ன சொன்னாவ, அக்கா?"

"நாலு பேரு ஒரு கொழப்பமும் இல்லைண்ணு சொன்னாவ. மத்தவிய மீட்டரைக் கழத்திப் பாத்துட்டு, மீட்டரையே மாத்தணும்ணு சொன்னாவ."

"அவனுவளுக்கு எல்லாத்துக்கும் கம்ப்யூட்டரு வேணும்," என்று எடுத்துக் கொடுத்தான் பிஜு. "சிவதாணு அண்ணன் கண்ணைக் கெட்டிவிட்டாலும் ஒயரைப் பிடிச்சிருவாராக்கும்."

சிவதாணு கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். பானட்டில் மட்டும் பெயின்ட் புதிது. பழைய வண்டி என்றால் அங்கங்கே ஒட்டு இருக்கத்தான் செய்யும் என்று அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட் செய்யவில்லை. டாஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாக எல்லா விளக்கும் எரிந்தன.

"எதுலயாக்கும் சந்தேகம்?"

"ஒரு ஆளு உக்காந்து, முன்னால பந்து மாதிரி இருக்கே, அந்த வெளக்கு."

"ஏர்பேக்கு."

"இடிச்சா அந்தப் பை விரியுமா, விரியாதா? அது மட்டும் தெரிஞ்சா போரும் எனக்கு. மவளுக்க வண்டியாக்கும். அவ நர்ஸு. மழையில ஸ்கூட்டர்ல போய் விழுந்துரப்பிடாதுண்ணு நான்தான் பிடிவாதமா வாங்கிக் குடுத்தேன்."

சொல்லும்போதே அவள் குரல் இடறியது. பெற்றவளுக்கு இருக்கும் பயம்தான் என்று சிவதாணு நினைத்துக்கொண்டான்.

"தமிழ்நாட்டு வண்டியா?"

"ஆமா. களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. நம்பரு இங்க வந்து மாத்தினோம். வித்த புரோக்கரு இப்பம் கல்ஃபுல. கேக்க ஆளில்ல."

"இங்க பாருங்க அக்கா. நல்ல வண்டியில இந்த வெளக்கு அஞ்சாறு செகண்டு எரிஞ்சுட்டு தானா அணையும். இது அணையல்ல, பாத்தியளா?" இப்போது ஸ்டார்ட் செய்தான். ஏர்பேக் விளக்கும் பாட்டரி விளக்கும் ஒரே நொடியில் அணைந்தன. "ரெண்டும் சேந்து அணையுது. ஆரோ சேத்துக் கெட்டியிருக்கான். அப்பம் உள்ள பை இல்ல அக்கா. முன்னமே எங்கியோ இடிச்சு விரிஞ்சு போயிருக்கும். புதுசு வைக்க நல்ல காசு ஆவும்லா? வெறும் மூடியை ஒட்டிட்டு, வெளக்கு மட்டும் ஒழுங்கா எரிஞ்சு அணையுத மாதிரி ஏமாத்தியிருக்கான்."

புஷ்பபாய் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஒயரு எங்க இருக்கு? எட்டு பேருக்கும் கெடைக்கல்லியே. உங்களுக்கும் கெடைக்காது."

பிஜு சிரித்துவிட்டான். சிவதாணுவுக்குச் சுருக்கென்றது.

வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். பின் கதவைத் திறந்தான். பின் சீட்டுக்குக் கீழே, இடது ஓரத்தில் கார்ப்பெட்டைத் தூக்கி, முழங்கை வரை கையை உள்ளே விட்டான். டார்ச் எடுக்கவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை. பிஜுவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியபடியே, பச்சை டேப் சுற்றிய ஒரு முடிச்சை வெளியே இழுத்துப் போட்டான்.

"முன்னால வச்சா எவனும் பிடிச்சிருவான். அதாக்கும் ஒயரை நீட்டி, பின்னால கொண்டுவந்து ஒளிச்சிருக்கான். செஞ்சவனுக்கு மூளை உண்டு. மனசாட்சிதான் இல்ல."

"அண்ணா, சம்மதிச்சேன், நீங்க கில்லாடிதான்!" என்று கைதட்டினான் பிஜு.

புஷ்பபாய் முடிச்சைப் பார்க்கவில்லை. சிவதாணுவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாளு இருக்கும்பம், குளத்தூர் வளைவுல தெங்கு மரத்துல இடிச்சுப்போட்டா எனக்க ஜிஜா. பை விரியல்ல. அங்கியே செத்துப்போனா."

சிவதாணுவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"பொறவு வண்டியைச் சோதிச்ச ஆர்.டி.ஓ. ஆபீஸ் சாரு மொத்தமும் பிரிச்சுப் போட்டு, ரெண்டாம் நாளாக்கும் இந்த முடிச்சைக் கண்டாரு. செஞ்சவன் ஆருண்ணு மட்டும் தெரியல்ல. நான் வண்டியை நேராக்கி, முடிச்சை இருந்த எடத்துலயே திரும்ப வைக்கச் சொல்லி, இந்த வயசுல ஓட்டவும் படிச்சு, ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பா ஏறி இறங்கினேன். எட்டு பேருல ஒருத்தரும் பின் கதவைத் தொறக்கல்ல."

பிஜு மெல்ல எழுந்து நின்றான். சிவதாணு கையை உதறினான். பச்சை டேப் விரலை விட்டுப் போகவில்லை.

"அது அங்க இருக்குண்ணு எனக்குத் தெரியும் தம்பி. உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"