ஐந்தாவது கடை

கனடாவில் படுக்கையாகக் கிடக்கும் அழகர்சாமிக்காக மதுரையைச் சுற்றிப் பார்த்துச் சாப்பிடுவது செல்வேந்திரனின் வேலை. அவன் மூக்குக் கண்ணாடி அவருக்குக் காட்சியை அனுப்பும். நாக்கில் ஒட்டிய வில்லை ருசியையும் பேச்சையும் அனுப்பும்.

நேற்று மகால் தூண்களைப் பார்த்து, நாலு மெஸ்ஸில் சாப்பிட்டு வீடு திரும்பியவன், கண்ணாடியைக் கழற்றினான். வில்லையை மறந்துவிட்டான். மனைவி தேன்மொழி ரசம் ஊற்றினாள். இரண்டு வாயிலேயே தட்டைத் தள்ளினான்.

"இதெல்லாம் ஒரு ரசமா? மனுசன் திம்பானா?"

அவள் தட்டை எடுத்துப் போனாள்.

காலையில் அழகர்சாமி போனில் சத்தமாகவே பேசினார்.

"தம்பி, கடைசியா ரசம் சாப்பிட்டீங்களே, அதான் சாப்பாடு. இன்னைக்கும் அந்தக் கடைக்கே போங்க. முதல்ல அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுருங்க. இல்லாட்டி நமக்கு எலை போட மாட்டாங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. செல்வேந்திரன் நிமிரவில்லை.