கடைசி அகப்பைத் தண்ணீர்

எனக்கு ரத்த அழுத்தம் ஏறக் காரணம் வேலை இல்லை, போன்தான் என்று டாக்டர் சொன்னார். மேலாளர் ரவுனோ எந்நேரம் கூப்பிட்டாலும் எனக்கு ‘சரி’ என்றுதான் சொல்ல வரும். இப்படியே போனால் இதயம் தாங்காது என்றார் டாக்டர்.

பின்லாந்தின் குவோப்பியோ நகரில், எங்கள் கட்டடத்துப் பொது சானாவில், அதாவது நீராவிக் குளியல் அறையில், வியாழன் மாலை எங்கள் முறை. போனை உடை மாற்றும் அறையிலேயே வைத்துவிட்டு, மனைவி டூலிக்கியோடு நீராவியில் உட்கார்ந்தேன். உடனே மணி அடித்தது. எழுந்தேன்.

“உட்காரு. கம்பெனி தீப்பிடிச்சா தீயணைப்பு வண்டியக் கூப்பிடுவாங்க, உன்னை இல்ல,” என்றாள்.

மணி நின்றது. வெளியே என் குரல் கேட்டது. “இல்ல ரவுனோ, இன்னிக்கு முடியாது. நாளைக்குப் பேசலாம்.”

கதவைத் திறந்து பார்த்தோம். யாருமில்லை. வெளிக்கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. போன் மட்டும் நனைந்திருந்தது.

“நீ என்னிக்காவது இவ்வளவு அழகா முடியாதுன்னு சொல்லியிருக்கியா?” என்றாள் டூலிக்கி.

கிளம்பும்போது சூடான கல்லில் கடைசி அகப்பைத் தண்ணீரை ஊற்றி, அதைச் சானாவில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் காவல் ஆவிக்கென்று விட்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். இருக்கும் அவசரத்தில் நான் அதை விட்டுப் பல வருடம் ஆகிறது. அன்று நிதானமாக ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பனியில் பஸ்ஸுக்காக நின்றபோது ரவுனோ மறுபடி கூப்பிட்டார். போனை எடுத்தேன்.

“இல்ல ரவுனோ, இன்னிக்கு முடியாது,” என்று நானே சொன்னேன்.

“சரி சரி, நீ குளிச்சு முடி,” என்றார் அவர். “கல்லுல தண்ணி ஊத்துற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.”