பாதிக் காசு

அப்பாவின் பெட்டியைத் திறக்கும்வரை அண்ணனும் தம்பியும் ஒரே டீயை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியில் அவர் சேர்த்த ரோமானிய வெண்கலக் காசுகள். பேரரசர்களும் கடவுள்களும் முழுசாக இருந்தார்கள். அப்பாவின் நாணயப் புத்தகப் படத்தில் இரண்டு தலைகளோடு இருந்த காசு மட்டும் நடுவில் வெட்டுப்பட்டு, ஒற்றைத் தலையோடு கிடந்தது.

"சாவி உங்கிட்டதானடா இருந்துச்சு? மீதி எங்க?"

"சத்தியமா நான் தொடலண்ணா."

"அப்பன் காசையே வெட்டித் தின்னவன்டா நீ. இனி என் வாசப்படி மிதிக்காத!"

தம்பி மிதிக்கவில்லை. பதினோரு வருடம் ஓடியது.

காசுகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் போன அன்றும் அண்ணனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "இதோட மறுபாதிய என் தம்பி அமுக்கிட்டான், மேடம்."

நாணயப் பிரிவு அதிகாரி லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க தம்பிக்கு ரெண்டாயிரம் வயசா சார்? வெட்டின இடத்துலயும் அதே பழைய களிம்பு ஏறியிருக்கு, பாருங்க. அந்தக் காலத்துல சில்லறை இல்லேன்னா காசையே ரெண்டா வெட்டித்தான் கொடுப்பாங்க."

வெளியே வந்த அண்ணன் கைபேசியை எடுத்துத் தம்பியின் எண்ணைத் தேடினார். கிடைத்ததும் விரல் நின்றுவிட்டது. தம்பி போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. சாவுக்குக்கூட இவர் போகவில்லை.

திரையில் அந்த எண்ணுக்கு மேலே, இவர் அன்று மாற்றி வைத்த பெயர் அப்படியே இருந்தது: 'திருடன்'.